வாட்ச் செயினை வீட்டிலேயே மாற்ற என்னென்ன கருவிகள் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் இடது காதுக்குப் பின்னால் ஒரு கோடு இருக்கிறது. அரிசி மணி நீளம்தான். கடிகாரம் கைக்கு வந்த இரண்டாவது வாரம், இணையத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு கருவியால் நானே போட்டுக்கொண்டது. அதன் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இப்போது அண்ணன் மாப்பிள்ளை முதல் அலுவலக நண்பர்கள் வரை கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. உலோகப் பட்டையை வாட்ச் கடைக்காரர்கள் செயின் என்றுதான் சொல்வார்கள், இங்கும் அப்படியே. கடிகாரத்தின் உடலிலிருந்து நீண்டு செயினைப் பிடித்துக்கொள்ளும் நான்கு கொம்புகளைக் காதுகள் என்று குறிப்பிடுகிறேன்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து, நல்ல வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். செயின் மாற்றுவது என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, செயினைக் கடிகாரத்திலிருந்து கழற்றுவது. மற்றொன்று, செயினுக்குள் உள்ள கண்ணிகளை எடுப்பது அல்லது சேர்ப்பது. இரண்டுக்கும் கருவி வேறு.

காதுகளுக்கு நடுவே பெரும்பாலும் ஸ்பிரிங் பின் இருக்கும். இரு முனையும் உள்ளே அமுங்கக்கூடிய சிறு குழாய் அது. பனராய் போன்ற சிலவற்றின் பல மாடல்களில் அந்த இடத்தில் திருகு இருக்கும். கண்ணிகளுக்கு இடையேயும் இப்படித்தான்: ரோலெக்ஸ், டியூடர் செயின்களில் பக்கவாட்டில் திருகுத் தலை தெரியும், சீகோவின் பல செயின்களில் வெறும் பின்னும், கண்ணிக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு வளையமும்தான். கண்ணியின் உட்புறத்தில் அம்புக்குறி பொறித்திருந்தால் அது பின் வகை. பக்கவாட்டில் கீற்று தெரிந்தால் ஏமாறாதீர்கள். திருகின் கீற்று தலையின் விட்டம் முழுவதும் நேராக ஓடும். பிளவுபட்ட பின்னின் முனையும் தூரத்திலிருந்து அப்படியே தோன்றும். அதைத் திருப்புளியால் திருகிப் பார்த்து முனையை நசுக்கியவர்களை அறிவேன்.

முப்பது கருவிகள் கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

முப்பதில் இருபத்தைந்தை நீங்கள் தொடவே மாட்டீர்கள். பின்மூடி திறக்கும் சாவியும் அதில் இருக்கும். அது கையில் இருந்தால் திறந்து பார்க்கத் தோன்றும், அதுவே ஆபத்து.

என் கணக்கு எளிது. உலோகத்தைத் தொடும் முனைக்குச் செலவு செய்யுங்கள், மற்றதில் மிச்சம் பிடியுங்கள். ஸ்பிரிங் பின் கருவியின் பிளந்த முனையான கவை, திருப்புளியின் அலகு, இடுக்கியின் நுனி ஆகிய மூன்றும்தான் கடிகாரத்தைத் தொடுகின்றன. இவை நல்லதாக இருக்கட்டும். செயினை நிறுத்தி வைக்கும் பிளாஸ்டிக் கட்டை, விரிப்பு, சுத்தியல் எல்லாம் அந்த மலிவுப் பெட்டியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்பிரிங் பின் கருவியில் நல்லது கெட்டதை எப்படி அறிவது?

கவையைப் பாருங்கள். பாம்பின் நாக்குபோல இரண்டாகப் பிளந்த முனை அது. ஸ்பிரிங் பின்னின் முனைக்கருகே ஒரு விளிம்பு இருக்கும். கவை அந்த விளிம்பைக் கவ்வி உள்ளே இழுக்க வேண்டும். மலிவுக் கருவியில் கவை தடிமனாக இருக்கும். காதுக்கும் செயினுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழையாது. நுழைய வைக்க நாம் அழுத்துவோம், அது வழுக்கும், வழுக்கிய இடத்தில் கோடு விழும். என் கடிகாரத்தில் நடந்தது இதுதான். கருவியின் முனை கடினப்படுத்திய எஃகு. கடிகாரத்தின் எஃகு, அது 316எல் ஆகட்டும், ரோலெக்ஸ் பயன்படுத்தும் 904எல் ஆகட்டும், அதைவிட மென்மையானது. மோதினால் கடிகாரம்தான் தோற்கும்.

சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் 1791 முதல் இயங்கும் பெர்ஜான் நிறுவனத்தின் 6767 கருவியைத்தான் பழுது பார்ப்பவர்கள் பலரும் வைத்திருக்கிறார்கள். அதில் 6767-எஃப் மெல்லிய கவை, உலோகச் செயினுக்கு ஏற்றது. 6767-எஸ் அகலமானது, தோல் வாருக்கு வசதி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஃப் வாங்குங்கள். மறுமுனையில் ஊசி போன்ற குத்து முனை இருக்கும். காதின் வெளிப்பக்கத்தில் துளை உள்ள கடிகாரங்களுக்கு அது போதும். துளைக்குள் விட்டு அழுத்தினால் பின் தானாக விடுபடும். பழைய ரோலெக்ஸ் சப்மரைனர்களில் அந்தத் துளை இருந்தது. புதியவற்றில் இல்லை. அழகுக்காக எடுத்துவிட்டார்கள், வேலை நமக்குக் கூடியது.

பெர்ஜான் பெயரில் போலிகளும் ஏராளம். விலை பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இடுக்கி வகைக் கருவி விலை அதிகமாக இருக்கிறது. அவசியமா?

செயினின் முனைக்கண்ணி, அதாவது காதுகளோடு சேரும் கடைசிக் கண்ணி, திடமான ஒரே துண்டாக, காதுகளுக்கு நடுவே இம்மியும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அவசியம். ரோலெக்ஸ், டியூடர் வைத்திருப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

காரணம் இது. கவையால் ஒரு முனையை அழுத்தி அந்தப் பக்கத்தை வெளியே எடுத்தவுடன், மறுமுனை இன்னும் காதுக்குள் இருக்கும். முனைக்கண்ணி கோணலாகத் திரும்பும். திரும்பும்போது அதன் கூர்மையான ஓரம் காதின் உட்சுவரை உரசும். ஒரு கையில் கருவி, மறு கையில் கடிகாரம், மூன்றாவது கை இல்லை. பெர்ஜான் 7825 போன்ற இடுக்கியில் இரண்டு முனைகள் எதிரெதிரே இருக்கின்றன. கடிகாரத்தைக் கவிழ்த்தால் முனைக்கண்ணியின் பின்புறத்தில் இரண்டு சிறு வெட்டுகள் தெரியும். அவற்றின் வழியே ஸ்பிரிங் பின்னின் விளிம்புகள் எட்டிப் பார்க்கும். இடுக்கியின் இரு நுனிகளையும் அவற்றில் பொருத்தி மெதுவாக நெருக்கினால், பின்னின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே போகும். செயின் நேராகக் கீழே இறங்கிவிடும். முதல்முறை செய்தபோது, இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று தோன்றியது.

விலை பல ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கழற்றுபவர் வாங்கத் தேவையில்லை. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். நுனிகள் தனியாகவும் கிடைக்கும், தேய்ந்தால் மாற்றலாம்.

கண்ணித் திருகுக்கு எந்த அளவுத் திருப்புளி?

அலகின் அகலம் திருகுத் தலையின் விட்டத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஆனால் பலரும் மறப்பது தடிமனை. அலகு கீற்றின் அடிவரை இறங்கி, ஆடாமல் நிற்க வேண்டும். அகலம் சரியாக இருந்து தடிமன் குறைந்தால், அலகு கீற்றுக்குள் சற்றே சுழன்று அதன் ஓரங்களை மழுக்கும். தடிமன் கூடினால் மேலேயே நின்று, அழுத்தும்போது எகிறிக் குதிக்கும்.

ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் செயினுக்குப் பெரும்பாலும் 1.6 மி.மீ. பொருந்தும். சிறிய செயின்களுக்கு 1.4 அல்லது 1.2 வேண்டியிருக்கும். பெர்ஜான் திருப்புளிகளில் அளவுக்கு ஒரு நிறம்: 1.2 சிவப்பு, 1.4 சாம்பல், 1.6 ஊதா. தலைப்பகுதி விரலில் சுழலும். ஆட்காட்டி விரலை அதன்மேல் வைத்து அழுத்தி, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்ட வேண்டும். பத்து திருப்புளிகள் கொண்ட முழுத் தொகுப்பு தேவையில்லை. உங்கள் கடிகாரத்துக்கு உரிய ஒன்றும், அதற்கான மாற்று அலகுகளும் போதும். சில செயின்களில் திருகின் இருபுறமும் கீற்று இருக்கும். அப்படியானால் ஒரே அளவில் இரண்டு திருப்புளிகள் வேண்டும். ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று திருக.

மின்சாரத் திருப்புளி? வேண்டவே வேண்டாம். திருகு அசையத் தொடங்குவதை விரல் உணர வேண்டும்.

திருகு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இன்னும் பலமாகத் திருகாதீர்கள். திருகு கழன்றுவிடாமல் இருக்க இழைகளில் பசை இடப்பட்டிருக்கலாம். செயினைக் கடிகாரத்திலிருந்து முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு ஹேர் டிரையரால் அந்தக் கண்ணிக்கு ஓரிரு நிமிடம் சூடு காட்டுங்கள், பசை இளகும். செயின் கடிகாரத்தோடு சேர்ந்திருக்கும்போது சூடு காட்டினால் ரப்பர் வளையங்களுக்கும் எண்ணெய்க்கும் கேடு. சூடான கண்ணி விரலைச் சுடும், துணியோடு பிடியுங்கள்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் வியர்வையும் சோப்பும் தூசியும் சேர்ந்து கண்ணி இடுக்கில் கறுப்பு மாவாகக் கட்டியிருக்கும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் செயினை அரைமணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்தால் பல நேரம் திருகு சமாதானமாகிவிடும். இரண்டு முயற்சிக்குப் பின்னும் நகரவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். முறிந்த திருகை எடுப்பது உங்கள் வேலையோ என் வேலையோ அல்ல.

திரும்ப மாட்டும்போது பசை போட வேண்டுமா?

போடுவது நல்லது. திருகுப் பசைகளில் லாக்டைட் 222 ஊதா நிறம், சிறு திருகுகளுக்கானது, பின்னர் கைக்கருவியாலேயே கழற்றலாம். 243 நீலம், அதைவிட வலுவானது. 271 சிவப்பு, அதை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள், அது கிட்டத்தட்ட நிரந்தரம். குண்டூசித் தலையில் ஒட்டும் அளவு போதும். பல் குத்தும் குச்சியால் எடுத்து இழையில் மட்டும் தடவுங்கள். கூடுதலாகப் போட்டால் கண்ணி மூட்டுக்குள் வழிந்து, செயின் அந்த இடத்தில் விறைத்துக்கொள்ளும். முழுவதும் இறுக ஒரு நாள் விடுங்கள்.

பின் வகைச் செயினுக்குச் சுத்தியல் அடிக்கலாமா?

அடிக்கலாம், தட்டுவது போல. பித்தளை அல்லது நைலான் தலைச் சுத்தியல், பின்னைத் தள்ள அதன் விட்டத்தைவிடச் சற்று மெலிந்த பஞ்ச் என்ற கம்பி, செயினை நிமிர்த்தி நிறுத்தப் பள்ளம் வெட்டிய கட்டை. அம்புக்குறி காட்டும் திசையில் பின் வெளியேறும். எதிர்த்திசையில் உள்ளே போகும். கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் எந்த முனையில் வந்ததோ அந்த முனையிலேயே திரும்பப் போக வேண்டும்.

உள்வளையம் உள்ள செயின்களில் கவனம். பின் வெளியே வந்தவுடன் எள்ளளவு வளையம் ஒன்று சத்தமில்லாமல் கீழே விழும். அந்த வளையம்தான் பின்னை இறுக்கிப் பிடிக்கிறது. அது இல்லாமல் பின்னை மட்டும் செருகினால் செயின் சரியாக இருப்பது போலவே தெரியும், ஒருநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது அறுந்து விழும். வெள்ளைத் துணி விரித்து, அதன் ஓரங்களைத் தட்டுபோல மடித்து வைத்து வேலை செய்யுங்கள். தரை மொசைக்காக இருந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

ஸ்பிரிங் பின் பறந்துவிடுகிறதே?

பெரிய, தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையையும் கடிகாரத்தையும் விட்டு வேலை செய்யுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பின் பைக்குள்ளேயே விழும்.

காதுகளை எதைக் கொண்டு மூடுவது?

மின்னணு வேலைக்குப் பயன்படும் கேப்டான் டேப் மிகச் சிறந்தது. மெல்லியது, உரித்தால் பசை மிஞ்சாது. கிடைக்கவில்லை என்றால் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் மாஸ்க்கிங் டேப். காதின் உட்பக்கம், மேல்பக்கம், ஓரம் மூன்றையும் ஒட்டுங்கள். ஆழமாகக் குத்தினால் எந்த டேப்பும் தாங்காது. லேசான உரசலைத்தான் தடுக்கும். செலோ டேப் வேண்டாம், அதன் பிசுபிசுப்பைத் துடைப்பதற்கே அரைமணி நேரம் ஆகும்.

வேறு செயின் வாங்க அளவு எப்படிப் பார்ப்பது?

காதுகளுக்கு இடையே உள்ள தூரத்தை டிஜிட்டல் காலிப்பரால் அளக்க வேண்டும். காலிப்பரின் உள்ளளவுத் தாடைகளை மெதுவாக விரியுங்கள், அவையும் கீறும். 18, 20, 22 என்று இரட்டைப்படையில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சப்மரைனர் 2020இல் மாறியபோது 20 மி.மீ. 21 ஆனது, ரோலெக்ஸின் டேட்ஜஸ்ட் 41இலும் 21தான்.

பின்னின் தடிமனும் ஒத்துப்போக வேண்டும். சாதாரண ஸ்பிரிங் பின் 1.5 அல்லது 1.8 மி.மீ. சீகோ டைவர் கடிகாரங்கள் பலவற்றில் 2.5 மி.மீ. தடித்த பின்னும், முனை 1.1 மி.மீ. ஆகவும் இருக்கும். அதில் மெல்லிய பின்னைப் போட்டால் துளைக்குள் ஆடும்.

தங்கம், டைட்டானியம் செயின்களுக்கு வேறு கருவியா?

கருவி அதுவே, கைதான் வேறு. கடிகாரத் தங்கம் பெரும்பாலும் 18 காரட், நூற்றுக்கு 75 பங்கு தங்கம். நம் 22 காரட் நகையைவிடக் கடினம், ஆனால் எஃகுக்கு முன் வெண்ணெய்தான். தங்கத் திருகின் கீற்றை ஒருமுறை வழுக்கினாலே சிதைத்துவிடலாம். டைட்டானியம் எளிதில் கீறும், அதன் திருகுகள் இழையோடு கடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. செராமிக் கீறாது, கீழே விழுந்தால் உடையும். இந்த மூன்றையும் முதல் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

ராயல் ஓக், நாட்டிலஸ்?

கடைக்கு.

சற்று விரித்துச் சொல்கிறேன். 1972இல் வந்த ஓடெமார் பிகேயின் ராயல் ஓக்கும் 1976இல் வந்த பாடெக் பிலிப்பின் நாட்டிலஸும் ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்தவை. செயினும் உடலும் ஒரே வார்ப்புபோல ஒழுகி வருவதே அவற்றின் அழகு. கோடிட்ட பரப்பும் பளபளக்கும் சரிவும் மாறி மாறி வரும் அந்த ஓரத்தில் விழுந்த கீறலைச் சாதாரண மெருகுக்காரர் சரி செய்ய முடியாது. தொட்டால் அந்தக் கூர்மையே போய்விடும்.

கருவியே தேவைப்படாத கடிகாரங்கள் உண்டாமே?

உண்டு. கார்த்தியே சான்டோஸ் 2018இல் புதுப்பிக்கப்பட்டபோது, செயினை ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றும் வசதியும், கண்ணிகளைக் கருவியின்றி எடுக்கும் வசதியும் வந்தன. வாஷரான் கான்ஸ்டன்டின் ஓவர்சீஸிலும் 2016 முதல் செயினைக் கருவியின்றிக் கழற்றலாம். இனி வாங்கப் போகிறவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கண்ணியைத் தொடாமலே தளர்த்தும் வசதியும் சில கொக்கிகளில் இருக்கிறது: ரோலெக்ஸின் ஈஸிலிங்க் 5 மி.மீ. தரும், சப்மரைனரின் கிளைட்லாக் 2 மி.மீ. படிகளில் ஏறக்குறைய 20 மி.மீ. தரும். மாலையில் கை வீங்கி இறுக்குகிறது என்பதற்காகக் கண்ணி சேர்க்கக் கேட்டு வந்தவர் ஒருவருக்கு இதைத் திறந்து காட்டினேன். கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

காந்த முனைத் திருப்புளி வசதியாக இருக்குமே?

திருகைப் பிடிக்க வசதிதான். ஆனால் எந்திரக் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் மயிரிழைச் சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் வேகமாக ஓடும். 15,000 காஸ் காந்தப்புலம் தாங்கும் என்று சான்று பெற்ற ஒமேகா மாஸ்டர் க்ரோனோமீட்டர் போன்றவற்றுக்குக் கவலை இல்லை. மற்றவற்றின் அருகே காந்தக் கருவி வேண்டாம்.

எத்தனை கண்ணி எடுப்பது?

கொக்கி மணிக்கட்டின் நடுவில் உட்காரும்படி இருபக்கமும் சமமாக எடுங்கள். ஒற்றைப்படையாக வந்தால் கூடுதல் ஒன்றை 6 மணிப் பக்கத்திலிருந்து எடுங்கள். அளவு பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சரியாக இருப்பது மாலையில் இறுக்கும்.

உத்தரவாதம் போய்விடுமா?

செயினைக் கழற்றியதற்காகப் பொதுவாகப் போகாது; ஆனால் நீங்கள் போட்ட கீறலையும் முறித்த திருகையும் யாரும் இலவசமாகச் சரி செய்து தர மாட்டார்கள். புதிதாக வாங்கும்போது அளவு சரி செய்து தருவது கடையின் வழக்கம், அதை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்பிரிங் பின்னையே திரும்பப் போடலாமா?

விரலால் இரு முனைகளையும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் திரும்பி வந்தால் போடலாம். ஒன்று தயங்கினாலோ, உடல் சற்றே வளைந்திருந்தாலோ குப்பைத் தொட்டிதான். லட்சக்கணக்கில் விலையுள்ள ஒன்றைக் கையில் நிறுத்துவது அந்தச் சிறு பின். மாட்டிய பிறகு "டிக்" என்ற ஒலி இரு பக்கமும் கேட்க வேண்டும். கேட்டபின் மெத்தையின் மேல் பிடித்துக்கொண்டு செயினை நாலாபக்கமும் இழுத்துப் பாருங்கள். இழுப்பது மெத்தையின் மேல், தரையின் மேல் அல்ல.

எடுத்த கண்ணிகளை என்ன செய்வது?

சிறு ஜிப் பையில், அவற்றின் திருகுகளோடு, கடிகாரப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். என் மாமா தன் இரண்டு கண்ணிகளைப் பூஜை அறைக் குங்குமச் சிமிழில் வைத்துவிட்டு ஆறு வருடம் தேடினார்.